தெருவில் வேகத்தைக் குறைக்கப் போய் நாம் செய்யும் தவறுகள்

சென்னையில் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிகளுக்காக ஆற்காடு சாலையிலும் மயிலாப்பூரிலும் பெரிய சாலைகள் தகரத் தடுப்புகளுக்கு நடுவே சுருங்கியபோது, அவற்றில் ஓட வேண்டிய வண்டிகள் பக்கத்துத் தெருக்களுக்குள் வழி தேடிக்கொண்டன. மெட்ரோ பணி நடக்காத பகுதிகளிலும், கைப்பேசி வரைபடம் நான்கு நிமிடம் மிச்சமாகும் என்று காட்டினால் போதும், காய்கறி வண்டியும் பள்ளி ஆட்டோவும் மட்டுமே வந்துபோன தெருவில் காலை எட்டரை மணிக்குக் கார்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடுகின்றன. இந்த நிலையில் எந்தக் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்திலும் முதலில் எழும் குரல், ‘ஒரு ஸ்பீடு பிரேக்கர் போட்டுவிடலாம்’ என்பதுதான். சில ஆண்டுகள் அப்படிப்பட்ட சங்கம் ஒன்றில் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில், கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதியையாவது நானும் கூட இருந்து செய்திருக்கிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் மூலமான தவறு, இரண்டு வெவ்வேறு கோளாறுகளை ஒன்றாக எண்ணிக்கொள்வது. வண்டிகள் வேகமாகப் போவது ஒன்று. நம் தெருவில் எந்த வேலையும் இல்லாத வண்டிகள் குறுக்குவழியாக நுழைந்து மறுமுனையில் வெளியேறுவது வேறொன்று. வேகத்தடை முதலாவதைக் குறைக்கும். ஆனால் பெரிய சாலை சிக்னலில் பத்து நிமிடம் நிற்க வேண்டிய ஒருவர், இரண்டு மேடுகளில் ஏறி இறங்கியாவது நம் தெரு வழியாகத்தான் போவார். மறுபுறம், ஒரு முனையை மறித்துக் குறுக்குவழியை நிறுத்திவிட்டால், வண்டி குறைந்து காலியான தெருவில் உள்ளூர் இளைஞர்களின் பைக் முன்னைவிட வேகமாகப் பறக்கும். எந்தக் கோளாறுக்கு மருந்து கேட்கிறோம் என்பதை முடிவு செய்யாமல் மாநகராட்சி அலுவலகத்தில் மனு கொடுப்பதால் பயன் இல்லை.

அதை முடிவு செய்ய அளக்க வேண்டும். ‘எல்லாரும் நூறில் போகிறார்கள்’ என்று மனுவில் எழுதினால் எந்த உதவிப் பொறியாளரும் அதைப் பொருட்படுத்த மாட்டார். அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. தெருவின் நேரான பகுதியில் 50 மீட்டர் நீளத்தை நாடாவால் அளந்து, இரு முனைகளிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒருவர் முதல் கோட்டில் கையை உயர்த்த, இன்னொருவர் இரண்டாவது கோட்டில் கைப்பேசியில் நேரம் குறிக்கட்டும். ஒரு வண்டி அந்தத் தூரத்தை 6 விநாடியில் கடந்தால் அதன் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர்; 4.5 விநாடியில் கடந்தால் 40, 3.6 விநாடியில் கடந்தால் 50. நூறு வண்டிகளையாவது இப்படிக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரியை மட்டும் பார்ப்பது ஏமாற்றும். நூறில் 85 வண்டிகள் எந்த வேகத்துக்கு உள்ளே ஓடுகின்றன என்பதையே பொறியாளர்கள் பார்ப்பார்கள், ஏனென்றால் பதற வைப்பவை மிச்சமுள்ள பதினைந்துதான்.

குறுக்குவழி வண்டிகளை எண்ணுவதும் எளிது. தெருவின் இரு முனைகளிலும் இருவர் உட்கார்ந்து, நுழையும் வண்டியின் எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களையும் நேரத்தையும் எழுத வேண்டும். அதே எண் இரண்டு நிமிடத்துக்குள் மறுமுனையில் வெளியேறினால் அது கடந்து போக வந்த வண்டி. நாங்கள் ஒரு திங்கட்கிழமை காலையில் இதைச் செய்தபோது, கூட்டத்தில் எல்லாரும் திட்டித் தீர்த்த ‘வெளியூர் வண்டி’கள் நெரிசலைக் கூட்டினவே தவிர, அந்த நெரிசலிலேயே மாட்டிக்கொண்டு மெதுவாகத்தான் நகர்ந்தன. மிக வேகமாகப் போனவற்றில் கணிசமானவை எங்கள் அடுக்ககங்களிலேயே நிறுத்தப்படுபவை. அவற்றோடு, நாங்களே வரவழைத்த உணவு விநியோக பைக்குகளும் இருந்தன. அன்று மாலை நடந்த கூட்டம் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது.

இனி வேகத்தடைக்கு வருவோம், ஏனென்றால் அதிகமான தவறுகள் அங்கேதான் நடக்கின்றன. எங்கள் தெருவில் சாலை புதிதாகப் போடப்பட்ட இரவில், வேலையாட்களிடம் சொல்லி மிச்சமிருந்த தார்க் கலவையில் ஒரு மேடு போட வைத்தோம். அதிகாரபூர்வ அனுமதி இல்லை, வண்ணம் பூசவில்லை, முன்கூட்டிய அறிவிப்புப் பலகையும் இல்லை. மூன்றாம் நாள் இரவு, வயதான தாயைப் பின்னால் உட்காரவைத்து வந்த ஒருவர் அதில் தடுக்கி விழுந்தார். அந்த அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது. மேடு ஒன்றரை அடி அகலத்தில் முழங்கால் பாதி உயரத்துக்குச் சுவர்போல் நின்றது. யாரும் கெட்ட எண்ணத்தோடு அதைப் போடவில்லை என்பது அந்த அம்மாவுக்கு எந்த ஆறுதலும் தரவில்லை.

சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைப் பேரவையின் (IRC) 1988ஆம் ஆண்டு வழிகாட்டி நெறி, பொதுவான போக்குவரத்துக்கு உரிய வளைந்த வேகத்தடையை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டதாக, 17 மீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்தின் வில்லாக வரையறுத்தது. அதாவது ஒரு காரின் நீளத்துக்குச் சற்றே குறைவான அகலம். இதே 3.7 மீட்டர், 10 சென்டிமீட்டர் அளவு பிரிட்டனில் 1970களில் நடந்த சோதனைகளில் உருவானது. மணிக்கு 25 கிலோமீட்டரில் ஏறி இறங்கினால் உடம்பு அலுங்காது. 40க்கு மேல் போனால் இருக்கையிலிருந்து தூக்கிப்போடும். நம் தெருக்களில் காணும் குறுகிய மேடுகள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக வேலை செய்கின்றன. மெதுவாக ஏறும் சைக்கிளையும் ஸ்கூட்டரையும் அவை கடுமையாகக் குலுக்குகின்றன. ஆனால் வேகமாக வரும் காரின் சக்கரம் கண நேரத்தில் கடந்துவிடுவதால், அதிர்ச்சியின் பெரும்பகுதியைச் சஸ்பென்ஷனே வாங்கிக்கொள்கிறது. ஒழுங்காக ஓட்டுபவரைத் தண்டித்து, வேகமாக ஓட்டுபவரை விட்டுவிடும் வேகத்தடையால் யாருக்கு என்ன லாபம்?

ஒரே ஒரு மேடு போடுவது இன்னொரு தவறு. ஓட்டுநர் அதற்கு முன் பிரேக் போட்டு, கடந்ததும் விட்ட நேரத்தைப் பிடிக்க ஆக்சிலரேட்டரை முறுக்குவார். தெருவின் நடுவில் அமைதி, இரு முனைகளிலும் முன்னைவிட வேகம் என்றாகிவிடும். அதனால்தான் மேற்சொன்ன நெறி, தொடராக அமைக்கும்போது மேடுகளுக்கு இடையில் 100 முதல் 120 மீட்டர் இருக்கலாம் என்றது. முதல் மேட்டுக்கு 40 மீட்டர் முன்னதாக எச்சரிக்கைப் பலகை வைக்கவும், மேட்டின் மேல் பட்டைபட்டையாக வண்ணம் பூசவும் அது சொன்னது. தெருவிளக்கின் வெளிச்சம் விழும் இடமாகப் பார்ப்பது நம் பொறுப்பு. கறுப்பு மஞ்சள் ரப்பர் துண்டுகளை ஆணியடித்து வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: சில மாதங்களில் துண்டுகள் பெயர்ந்து போகும், ஆணிகள் மட்டும் சாலையில் நிற்கும்.

சென்னைக்கே உரிய ஒரு கவனக்குறைவும் உண்டு. மேட்டை நடைபாதையின் விளிம்புவரை இடைவெளியில்லாமல் போட்டுவிட்டால், அது வடகிழக்குப் பருவமழையில் அணைக்கட்டாக மாறும். மழைநீர் வடிகாலின் கம்பிமூடி எந்தப் பக்கம் இருக்கிறது, தெருவின் சரிவு எந்தத் திசையில் என்பதை ஒரு மழைநாளில் பார்த்துவைத்து, ஓரத்தில் நீர் ஓட வழிவிட்டுத்தான் இடத்தைக் குறிக்க வேண்டும். அதற்காக மிகப் பெரிய இடைவெளி விட்டால் எல்லா பைக்குகளும் அந்த ஓரத்தில் புகுந்து, நடந்து போகிறவர்கள் மேல் உரசிக்கொண்டு போகும். வீட்டு வாசலுக்கு நேரே மேட்டை வைப்பதும் தவறு. காலித் தண்ணீர் லாரி விடியற்காலை நான்கு மணிக்கு அதில் ஏறி இறங்கும் ஓசையைக் கேட்டவர்கள், அடுத்த கூட்டத்தில் அதை இடிக்கச் சொல்லும் முதல் ஆளாக இருப்பார்கள்.

மேடு வேண்டாம், பலகை போதும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிகளுக்கும் மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற வரம்பை அறிவித்தது. அது நல்ல வரம்பு. ஆனால் அகலமான, நேரான, புதிதாகத் தார் போட்ட தெருவின் முனையில் ‘மெதுவாகச் செல்லவும்’ என்று எழுதி, அதற்குக் கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் மருந்துக்கடை விளம்பரத்தைப் போட்டால், ஓட்டுநர் மருந்துக்கடையைத்தான் நினைவில் வைப்பார்.

இருந்தாலும் 30 என்ற எண்ணைச் சங்க உறுப்பினர்களுக்குப் புரியவைக்க ஒரு கணக்கு உதவும். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருவதைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வந்த கார் அந்த விநாடியில் 8 மீட்டருக்குச் சற்று மேல் ஓடி, உலர்ந்த சாலையில் இன்னும் ஏறத்தாழ 5 மீட்டரில் நின்றுவிடும். மணிக்கு 50இல் வந்த காரோ அந்த ஒரு விநாடியிலேயே ஏறத்தாழ 14 மீட்டர் ஓடியிருக்கும். மெதுவாக வந்த கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தை, வேகமாக வந்த கார் பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே தாண்டிவிடுகிறது. இந்த அபாயத்துக்கு ஈடாகக் கிடைக்கும் ஆதாயம், 400 மீட்டர் நீளத் தெருவில் 20 விநாடிக்கும் குறைவு.

சாலையின் வடிவம்தான் ஓட்டுநரிடம் உரக்கப் பேசும் என்பதை மறப்பதால் வரும் தவறுகள் பார்வைக்கு மேம்பாடு போலவே தெரியும். ஓரத்தில் நிற்கும் கார்களை எல்லாம் அப்புறப்படுத்தித் தெருவை அகலமாக்குங்கள் என்று கேட்கிறோம். கண்ணுக்கு நேரே தடையற்ற பாதை திறந்ததும் வேகம் கூடுகிறது. வண்டி நிறுத்தும் இடத்தைச் சிறிது தூரம் இடப்பக்கமும் அடுத்த தூரம் வலப்பக்கமும் மாற்றிமாற்றிக் குறித்துக் கொடுத்தால், மேடே இல்லாமல் பாதை நெளிந்துவிடும். தெருமுனைகளைப் பெரிய வளைவாகச் செதுக்குவதும் அப்படித்தான். திரும்பும் கார் பிரேக்கைத் தொடாமலே உள்ளே பாயும். முனை கூர்மையாக இருக்கட்டும். ஆனால் அங்கே வண்டி நிறுத்தாமல் பார்வை மறையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

குறுக்குவழியை அடைக்கும் முயற்சியில் அவசரம்தான் பெரிய எதிரி. பொதுத் தெருவுக்குச் சங்கிலியோ இரும்புக் கதவோ போடும் உரிமை எந்தச் சங்கத்துக்கும் கிடையாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி அந்த அதிகாரம் மாநில அரசுக்கும் அது அதிகாரமளித்த அமைப்புக்கும் உரியது. அதே பிரிவு, ஒரு மாதத்துக்கு மேற்படாத தடை என்றால் அரசிதழில் வெளியிடத் தேவையில்லை, உள்ளூரில் தக்கபடி அறிவித்தாலே போதும் என்கிறது. பேரிகேடுகளை வைத்து ஒரு மாதம் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் காவல்துறையிடம் கேட்க இது நல்ல பிடிமானம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் லியோனியா என்ற சிற்றூர், வரைபடச் செயலிகள் அனுப்பிய நெரிசலைத் தாங்காமல், 2018 ஜனவரியில் ஏறத்தாழ 60 தெருக்களை வெளியாருக்கு மூடியது. அதே ஆண்டில் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ‘எங்கள் தெருக்காரர் மட்டும்’ என்ற வாதம் அங்கேயும் நிற்கவில்லை.

நம் தெருவை மட்டும் தனியாகப் பார்ப்பதும் பிழைதான். ஒன்றாவது குறுக்குத் தெருவை அடைத்தால் வண்டிகள் இரண்டாவதுக்குப் போகும், அங்கே சங்கமோ செல்வாக்கோ இல்லாத வீடுகள் இருந்தால் அவர்கள் தலையில் விடியும். இணையாக ஓடும் தெருக்களை எல்லாம் சேர்த்து ஒரே திட்டமாகக் கொண்டுபோக வேண்டும். ஒருவழிப் பாதையாக்குவது எளிய தீர்வாகத் தோன்றும். ஆனால் எதிரே வண்டி வராது என்ற உறுதி ஓட்டுநரை வேகம் கூட்டவே தூண்டும். அடுத்தடுத்த தெருக்களை எதிரெதிர்த் திசைகளில் ஒருவழியாக்கி, நுழைந்தவர் அதே பெரிய சாலைக்கே திரும்பி வரும்படி செய்தால்தான் குறுக்குவழியின் கவர்ச்சி போகும். ஐரோப்பிய நகரங்களைப் பார்த்து, தூண்கள் நட்டு, சைக்கிள் போகுமளவு இடைவெளி விடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சைக்கிள் நுழையும் இடத்தில் பைக்கும் நுழையும், நம் ஊரில் பாதிக்குமேல் பைக்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 108 ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் எந்த வழியாக வரும் என்பதைத் தாளில் வரைந்து காட்டாத எந்தத் திட்டத்துக்கும் ஒப்புதல் கேட்காதீர்கள்.

மனு கொடுக்கும்போது, உங்கள் தெரு பேருந்து சாலையா உட்புறச் சாலையா என்று முதலில் விசாரியுங்கள். பெருநகரச் சென்னை மாநகராட்சியில் இரண்டையும் வெவ்வேறு பிரிவுகள் கவனிக்கின்றன. தவறான மேசையில் கொடுத்த தாள் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். 1913 எண்ணில் புகார் பதிந்து அதன் எண்ணை வைத்துக்கொண்டு, அளந்த பட்டியலையும் தெருவின் கைவரைபடத்தையும் வார்டு உறுப்பினரிடமும் பகுதி சபைக் கூட்டத்திலும் கொடுங்கள். மேட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் கையெழுத்தை முதலில் வாங்குங்கள். தெருக்கோடியில் இருக்கும் பத்துப் பேரின் கையெழுத்து அதற்கு ஈடாகாது.

கடைசியாக ஒன்று, எங்களுக்கு நேர்ந்தது. விழுந்த அம்மாவின் சம்பவத்துக்குப் பிறகு முறைப்படி கேட்டு, அளவுப்படி இரண்டு வேகத்தடைகள் வாங்கினோம். பிறகு கழிவுநீர்க் குழாய்க்காகத் தெருவைத் தோண்டி மறுபடி சாலை போட்டபோது இரண்டும் காணாமல் போயின. மதிப்பீட்டில் அவை இல்லை, அதனால் ஒப்பந்ததாரர் போடவில்லை; அதைக் கேட்க நாங்கள் போனபோது பணம் பட்டுவாடா ஆகிவிட்டிருந்தது. உங்கள் தெருவில் சாலைப் பணி வரப்போகிறது என்று தெரிந்த அன்றே, வேகத்தடையின் அகலம், உயரம், வண்ணப்பூச்சு மூன்றையும் மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். தார் ஊற்றும் நாளில் யாராவது ஒருவர் 3.7 மீட்டரில் அடையாளம் போட்ட கயிற்றோடு அங்கே நிற்கட்டும்.