கத்துற பாட்டுக்குக் கத்தக் கூடாது

பெரம்பூரில் என் வீட்டு மாடியறைக்குப் பாட வரும் பிள்ளைகள் முதல் நாளே கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, அந்தக் கரகர குரல் எப்படி வரும்?" அதே பாட்டைக் கரகரப்பே இல்லாமல், சுருதி விலகாமல் முதலில் பாடிக்காட்டச் சொல்வேன். சுத்தக் குரலில் எட்டாத சுரத்தைக் கரகரப்பு எட்டிப் பிடித்துத் தராது. ஹார்ட் ராக் பாடிப் பிழைக்க நினைப்பவர் இருபது வருஷத்துக்குத் தொண்டையைக் காப்பாற்றியாக வேண்டும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மேடையில் நாம் பிடிக்கும் 'ஏ' (A) சுரம் நொடிக்கு 440 அதிர்வு. ஒரு நிமிஷம் பாடினால் இரண்டு குரல்நாண்களும் 26,400 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்த மோதலிலேயே கரகரப்பையும் வரவழைக்கப் பார்த்தால் நாண் தாங்காது. நல்ல பாடகர்களிடம் அது பெரும்பாலும் நாணுக்கு மேலே உள்ள மடிப்புகள் அதிர்வதால் வருவது. கீழே நாண் சாதாரணமாகப் பாடிக்கொண்டிருக்கும். இது எனக்குத் தெரியாமல் போனதற்கு 2006 ஜனவரியில் விலை கொடுத்தேன். போகிக்கு முந்தின நாளும் போகியன்றுமாக, இரண்டு கல்லூரி விழாக்களில் மூன்று மேடை. தெருவெல்லாம் டயர் புகை. மூன்றாவது மேடையில் பாதிப் பாட்டில் காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் கேமராவை உள்ளே விட்டுக் காட்டினார்: இரண்டு நாணிலும் கடுகளவு முடிச்சு. இரண்டு வாரம் பேசவே கூடாது, கிசுகிசுப்பதும் கூடாது என்றார். அம்மா பரணிலிருந்து என் பழைய சிலேட்டை இறக்கிக் கொடுத்தாள். "பசிக்குது" என்று அதில்தான் எழுதிக் காட்டினேன். பிறகு மூன்று மாதம் குரல் பயிற்சி. சென்னையில் கல்லூரி விழாக்களும் போகிப் புகையும் ஒரே மாதத்தில் வருகின்றன. அந்த வாரத்துக்கு மேடை ஒத்துக்கொள்ளும்போது இடையில் ஒரு நாளாவது விடுங்கள்.

தினமும் செய்ய வேண்டியது எளிது. அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா போட்டு, குமிழி விட்டபடியே கீழ் ச-விலிருந்து மேல் ச வரை ஏறி இறங்குங்கள், ஐந்து நிமிஷம். குமிழி சீராக வந்தால் மூச்சும் சீராகப் போகிறது. ராக் பாடகர் ரானி ஜேம்ஸ் டியோ சிறுவயதில் டிரம்பெட் வாசித்தவர், பாட்டு வாத்தியாரிடம் போனதில்லை. தன் மூச்சு அந்த ஊதலில் வந்தது என்று சொல்லியிருக்கிறார். 2010இல் 67 வயதில் இறந்தார், அதற்கு முந்தின வருஷம் வரை மேடையில் பாடினார். நாதஸ்வரக்காரர்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஊதலில் மூச்சு வளர்வது புரியும். நிகழ்ச்சி முடிந்து நடுராத்திரியில் பரோட்டா சால்னா சாப்பிட்டு உடனே படுக்காதீர்கள். படுத்ததும் வயிற்றமிலம் மேலேறி நாணைச் சுடும்.

காதும் தொழில் கருவிதான். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம். மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். டிரம்ஸ் இருக்கும் சின்ன ஒத்திகை அறையில் 100 டெசிபல் சர்வசாதாரணம், அங்கே கணக்கு பதினைந்து நிமிஷம். ஏசி/டிசி ராக் பேண்டின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016இல் காது கேளாமையால் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. காதடைப்பான் வாங்குங்கள். சொந்தமாக ஒரு மைக்கும் வாங்குங்கள். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். பொத்தினால் அது எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் இழுக்கும், ஸ்பீக்கர் வீலென்று அலறும்.

இனி பாட்டு எழுதுவது. எனக்கு உயிரான விஷயம் இதுதான்.

ராக் கிட்டாரில் அடிக்கும் பவர் கார்டு என்பது ச-வும் ப-வும் மட்டும். காந்தாரம் இல்லாததால் சந்தோஷமா துக்கமா என்று கிட்டார் சொல்வதில்லை, அதைப் பாடுகிறவர் சொல்ல வேண்டும். அதனால் எந்தச் சொல் எந்தச் சுரத்தில் உட்காருகிறது என்பதே எல்லாம். என் அப்பா பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் வெல்டர். அவரைப் பற்றிய பாட்டின் பல்லவி உச்சத்தில் முதலில் "எரியுது நெருப்பு" என்று எழுதினேன். உச்ச சுரம் 'பு'வில் விழுந்தது. குற்றியலுகரம், அரை மாத்திரைதான் அதன் ஆயுள். நாலு தட்டு இழுத்தால் "நெருப்பூ" என்று உதடு குவிந்து குரல் வெளியே வராது. "எரியுது தீ" என்று மாற்றினேன். நெடில்தான், ஆனால் மேலே போகப் போக 'ஈ'யில் நாக்கு உயர்ந்து தொண்டை இறுகியது. கடைசியில் நின்றது "எரியட்டும் வா". 'ஆ'வில் தாடை தானாக இறங்கியது, குரல் முழுசாக வந்தது. பொருளும் மாறியது. செய்தி சொல்லிக்கொண்டிருந்த வரி ஆளைக் கூப்பிட ஆரம்பித்தது. உங்கள் பல்லவியின் உச்சத்தில் ஆ, ஓ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சரணத்தில் இதற்கு நேர்மாறு. கிட்டார்காரர் உள்ளங்கையால் கம்பியை அமுக்கி 'டக் டக்' என்று வெட்டும் இடத்தில் பட்டறை, சுத்தியல், முட்டி போன்ற இரட்டித்த வல்லினங்களைப் போடுங்கள். 'ட்ட'வில் காற்று ஒரு கணம் அடைபட்டுத் திறப்பதும் அந்த வெட்டும் ஒன்றாக விழும். ஆங்கில ராக் பெரும்பாலும் வரிக்கடைசியில் ஒலியைச் சேர்க்கிறது. நமக்கு எதுகை வரித் தொடக்கத்திலேயே இருக்கிறது, ரிஃபும், அதாவது கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் துண்டும், அங்கேதான் அடிக்கிறது. இதை விட்டுவிட்டுக் கடைசியில் மட்டும் இயைபைத் தேடும் தமிழ் ராக் பாட்டுகளைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். மெட்டு முதலில் வந்தால் "தத்தன தான" என்று சந்தம் கட்டிக்கொண்டு பிறகு சொல் தேடுங்கள்.

மேடை கிடைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பப்களில் அடுத்தவர் பாட்டைத்தான் கேட்பார்கள். பத்துப் பாட்டில் மூன்றாவதையும் ஏழாவதையும் சொந்தப் பாட்டாக வையுங்கள். திறந்தவெளியில் இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால், தாமதமாகத் தொடங்கும் விழாவில் கடைசியில் வைத்த பாட்டு காணாமல் போகும். மாத வாடகை கட்ட நான் பாடச் சொல்லித் தருகிறேன், விளம்பர ஜிங்கிளும் பாடுகிறேன்.

கையெழுத்தில் கவனம். 2009இல் ஒரு கம்பெனி நீட்டிய தாளைப் படிக்காமல் நாலு பாட்டின் உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டேன். வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி உரிமைகள். ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும்தான் நம் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே 'என்றென்றும்', 'உலகம் முழுவதும்' என்ற சொற்களை விரல் வைத்துத் தேடுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் வர வேண்டிய ராயல்டியை வாரிசுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. எழுதுபவர், இசையமைப்பவர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகுங்கள்.

பேண்டுக்குள்ளும் ஒரு தாள் வேண்டும்: வரி யார், மெட்டு யார், ரிஃப் யார், ஆளுக்கு எத்தனை பங்கு. ரெக்கார்டிங்குக்கு முந்தின ஒத்திகையில், டீ இடைவேளையில் எழுதித் தேதி போட்டு, எல்லாரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படம் செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்மரையும் சேர்த்துத்தான்.