முதல்முறை மேடையேறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாடகத்துக்குப் புதிதாக வருபவரிடம் "இது சோகமான காட்சி" என்று சொல்லிப் பாருங்கள். உடனே குரல் தழுதழுக்கும், கை நெஞ்சுக்குப் போகும். உணர்ச்சியை நடிக்கப் பார்க்கும் இந்தப் பழக்கத்திலிருந்துதான் மற்ற பல தவறுகளும் கிளைக்கின்றன. கூப்பிட்டவுடன் வந்து நிற்பதல்ல உணர்ச்சி. எதிரே நிற்பவரிடமிருந்து உங்கள் பாத்திரத்துக்கு இப்போது என்ன வேண்டும் என்று முதலில் யோசியுங்கள்.

"கதவைச் சாத்திட்டுப் போ" என்று ஒருத்தி ஒருவனிடம் சொல்லும் வசனம். கோபமாகச் சொல்லச் சொன்னால் யாரும் கத்திவிடுவார்கள். ஆனால் அவன் போய்விடக் கூடாது என்பதுதான் அவள் ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அவள் கண் கதவுக்குப் போகாது, அவன் கையில் இருக்கும் பைக்குப் போகும். "போ" என்ற சொல் கொஞ்சம் தயங்கித்தான் வெளியே வரும். 1898-இல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, "இந்த நிலைமையில் நான் இருந்தால் என்ன செய்வேன்?" என்று நடிகர்களைக் கேட்டுக்கொள்ளச் சொன்னார். புதியவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது மனப்பாடம். ஏற்ற இறக்கத்தோடு சேர்த்து வசனத்தை உருப்போட்டுவிட்டால், எதிரே இருப்பவர் கெஞ்சினாலும் மிரட்டினாலும் உங்கள் பதில் ஒரே ராகத்தில்தான் வரும். உணர்ச்சி எதையும் சேர்க்காமல், நடந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ சொற்களை மட்டும் மனதில் ஏற்றுங்கள். எப்படிச் சொல்வது என்பதை எதிராளி பேசுவதைக் கேட்டு அந்த நேரத்தில் முடிவு செய்யலாம். கேட்காமல் தன் முறைக்காகக் காத்திருப்பவரைப் பார்வையாளர்கள் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தனியாகக் கதை சொல்பவர்கள் ஆளுக்கொரு விசித்திரக் குரல் போடத் தேவையில்லை. குழந்தை பேசும்போது பார்வை சற்று மேலே, அப்பா பதில் சொல்லும்போது கீழே. இவ்வளவு போதும், இரண்டு பேர் தெரிவார்கள். "அவன் ரொம்பப் பயந்துபோனான்" என்று சொல்லிவிட்டு நடுங்கியும் காட்டுவது வீண். சாவி பூட்டுக்குள் நுழையாமல் தடுமாறுவதைக் கையால் காட்டுங்கள், பயத்தைக் கேட்பவர்களே புரிந்துகொள்வார்கள்.

குரல் கேட்கவில்லை என்றால் பலர் கத்தத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் சிக்கல் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குவதில்தான். தமிழில் வினைச்சொல் வழக்கமாகக் கடைசியில் வருகிறது. அது காணாமல் போனால் வந்தானா போனானா என்றே தெரியாது. அப்புறம், காரணமில்லாமல் கால் மாற்றி நிற்காதீர்கள்.

சொல்லித்தருபவர்களுக்கும் ஒன்று. வசனத்தை நீங்களே நடித்துக் காட்டி "இப்படிச் சொல்" என்காதீர்கள். வருவது உங்கள் நகல்தான். "அவள் ஏன் இதை இப்போது சொல்கிறாள்?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் யோசித்து முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.