4 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஆஸிலேட்டர்: முதலில் கெப்பாசிட்டர் கணக்கு

ஆஸிலேட்டர் என்றால் நிலையான அலைவெண்ணில் ஆடும் சுற்று. அதிலுள்ள கிரிஸ்டல் ஒரு குவார்ட்ஸ் தகடு. அதற்கு வோல்டேஜ் கொடுத்தால் நெளியும். நெளிந்தால் வோல்டேஜ் தரும். இது பீசோ விளைவு. வோல்டேஜைத் திருப்பினால் நெளிவும் திரும்பும். எலக்ட்ரோஸ்ட்ரிக்‌ஷன் அப்படியல்ல: எல்லா மின்காப்புப் பொருளிலும் கொஞ்சம் உண்டு, மின்புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், திசை மாற்றினாலும் நெளிவு ஒரே பக்கம்தான். சிலிக்கானில் பீசோ விளைவு கிடையாது. அதனால்தான் பல சிலிக்கான் மெம்ஸ் (சில்லில் செதுக்கிய நுண்ணிய அசையும் அமைப்பு) ஆஸிலேட்டர்களில் டிசி வோல்டேஜ் ஒன்றைச் சேர்த்து மின்னிழுவிசையால் ஆட்டுகிறார்கள். நமக்கு குவார்ட்ஸ் போதும். 4 மெகாஹெர்ட்ஸ் ஏடி வெட்டுத் (குறிப்பிட்ட கோணத்தில் அறுத்த) தகட்டின் தடிமன் சுமார் 0.4 மில்லிமீட்டர்.

தேவை: 74எச்சியூ04 ஐசி (ஆறு இன்வெர்ட்டர் கேட்டுகள் கொண்டது), 18 பிகோஃபாரட் லோடு (சரியான அலைவெண்ணில் ஓட கிரிஸ்டலுக்கு வெளியே இருக்க வேண்டிய கெப்பாசிட்டன்ஸ்) கொண்ட கிரிஸ்டல், 1 மெகாஓம், 1.5 கிலோஓம், 27 பிகோஃபாரட் இரண்டு, 0.1 மைக்ரோஃபாரட், 5 வோல்ட் சப்ளை.

1. கணக்கு. இரண்டு கெப்பாசிட்டரும் கிரிஸ்டலுக்குத் தொடராகத் தெரியும். எனவே பாதி மதிப்பு. போர்டின் டிராக், ஐசியின் பின் (கால்) எல்லாம் தானாகச் சேர்ப்பதை 5 பிகோஃபாரட் என வையுங்கள். (18 − 5) × 2 = 26; கிடைப்பது 27. என்பிஓ வகை (வெப்பத்தால் மதிப்பு ஏறக்குறைய மாறாத பீங்கான் கெப்பாசிட்டர்) தான் வாங்க வேண்டும். எக்ஸ்7ஆர் என்ற இன்னொரு வகை பேரியம் டைட்டனேட் பீங்கான். வெப்பத்துக்கும் வோல்டேஜுக்கும் மதிப்பு மாறும், போதாததற்கு வோல்டேஜுக்கு அதுவும் நெளியும்.

2. பின் 1, 2 இடையே 1 மெகாஓம். பின் 2-இலிருந்து 1.5 கிலோஓம் வழியாக கிரிஸ்டலின் ஒரு கால். மறுகால் பின் 1. கிரிஸ்டலின் ஒவ்வொரு காலிலிருந்தும் 27 பிகோஃபாரட் கிரவுண்டுக்கு.

3. பின் 2-ஐ பின் 3-க்குக் கொடுத்து, வெளியீட்டை பின் 4-இல் எடுங்கள். பயன்படாத உள்ளீடுகளான பின் 5, 9, 11, 13 கிரவுண்டில். பின் 14 சப்ளை, 7 கிரவுண்டு, 0.1 மைக்ரோஃபாரட் அவற்றை ஒட்டியே இருக்கட்டும்.

'யூ' இல்லாத 74எச்சி04-ஐ மாட்டிவிடாதீர்கள். அதில் ஒவ்வொரு கேட்டுக்குள்ளும் மூன்று நிலைகள். பெருக்கம் மிஞ்சிப்போய் கிரிஸ்டலுக்குச் சம்பந்தமில்லாத ஏதோ அலைவெண்ணில் ஓடும்.

பின் 1-இல் ஆஸிலோஸ்கோப் புரோபை வைக்காதீர்கள். 10 எக்ஸ் புரோபே 10 பிகோஃபாரட்டுக்கு மேல் சேர்க்கும். அலைவெண் இறங்கும், சில நேரம் ஆட்டமே நின்றுவிடும். அலைவெண் கவுண்டரை பின் 4-இல் வையுங்கள்.

4 மெகாஹெர்ட்ஸில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50) என்பது 200 ஹெர்ட்ஸ். கவுண்டர் 4 மெகாஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸுக்கு மேல் கூடுதலாகக் காட்டினால் கெப்பாசிட்டர் குறைவு. குறைவாகக் காட்டினால் அதிகம். துல்லியம் வேண்டுமென்றால் பின் 1 பக்க 27-க்குப் பதிலாக 15 பிகோஃபாரட்டும், அதற்கு இணையாக 5–30 பிகோஃபாரட் டிரிம்மரும் (திருகி மதிப்பை மாற்றும் கெப்பாசிட்டர்) போட்டு, பிளாஸ்டிக் திருப்புளியால் திருப்புங்கள். இரும்புத் திருப்புளியை எடுத்ததும் அலைவெண் நகர்ந்துவிடும்.

ஓடவே இல்லையா? 1.5 கிலோஓமை 680 ஓமாக்கிப் பாருங்கள். பிரெட்போர்டில் இருந்தால், டாட் போர்டில் கால்களைக் குட்டையாக வெட்டி சால்டர் செய்த பிறகு மறுபடி அளந்து பாருங்கள்.