சிறப்புக்கலைப் பட்டம் கற்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கைப் பல்கலைக்கழகங்களின் கலைப்பீடங்களில் சேரும் மாணவர்கள், பெரும்பாலும் முதலாம் ஆண்டு முடியும் தறுவாயில், மூன்றாண்டுப் பொதுக்கலைப் பட்டத்தோடு வெளியேறுவதா, ஒரே பாடத்தை எடுத்து நான்காண்டுச் சிறப்புக்கலைப் பட்டம் கற்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணம், பேராதனை, கிழக்கு, தென்கிழக்கு என்று பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதிகளில் வேறுபாடு உண்டெனினும், இந்த முடிவின் தன்மை எங்கும் ஒன்றுதான். அதைப் பலர் சரியாக யோசிக்காமல், நண்பர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதைப் பார்த்தே எடுத்துவிடுகிறார்கள். சிறப்புக்கலை கற்றவர்களின் அனுபவத்தைக் கேட்டும் ஆய்வேடுகள் உருவாகும் விதத்தைக் கிட்ட இருந்து பார்த்தும் எனக்குத் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அமைப்பை விளங்கிக்கொள்ளுங்கள். கல்வித் தகைமைகளின் மட்டங்களை வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி பொதுப்பட்டம் ஐந்தாம் மட்டத்தில் 90 கிரெடிட்டுகளைக் கொண்டது. சிறப்புப்பட்டம் ஆறாம் மட்டத்தில் 120 கிரெடிட்டுகளைக் கொண்டது. ஆண்டொன்றுக்கு 30 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 50 மணிநேர உழைப்பு என்பது கணக்கு. இந்த 50 மணிநேரத்தில் விரிவுரை மண்டபத்தில் கழிவது ஏறத்தாழ 15 மணிநேரமே. ஆகவே மூன்று கிரெடிட் கொண்ட ஒரு பாட அலகுக்கு 45 மணிநேர விரிவுரை போக, 105 மணிநேரம் நீங்களாகவே வாசிக்கவும் எழுதவும் வேண்டியிருக்கிறது. பதினைந்து வார அரையாண்டில் அது வாரத்துக்கு ஏழு மணிநேரம், அதுவும் ஒரு பாட அலகுக்கு மட்டும். விரிவுரைக்குப் போய்வந்தாலே படித்துவிட்டோம் என்ற எண்ணம் பாடசாலையிலிருந்து நம்மோடு கூடவே வருகிறது. சிறப்புக்கலையில் அந்த எண்ணம் இரண்டாம் ஆண்டிலேயே மாணவரைப் பின்தள்ளிவிடும்.

முதலாம் ஆண்டில் செய்ய வேண்டியவை

சிறப்புக்கலைக்கு விண்ணப்பிக்கத் தேவையான ஆகக்குறைந்த புள்ளியும், ஒவ்வொரு துறையும் எத்தனை பேரைச் சேர்க்கும் என்பதும் உங்கள் பீடத்தின் மாணவர் கைநூலில் இருக்கும். அதைச் சீனியர்கள் சொல்லக் கேட்டு அறிவதோடு நிறுத்தாமல், முதலாம் அரையாண்டின் முதல் மாதத்திலேயே நேரில் வாசித்துவிடுங்கள். விதிகள் ஆண்டுக்காண்டு திருத்தப்படுவதால், இரண்டு பட்ச் (ஓர் ஆண்டில் ஒன்றாகச் சேர்ந்த மாணவர் அணி) முன்னே போனவர் நல்லெண்ணத்தோடு சொல்வதும் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். குறிப்பாக மூன்று விடயங்களைத் தேடிப் பாருங்கள்: முதலாம் ஆண்டுப் புள்ளிகள் இறுதி ஜி.பி.ஏ (தரப் புள்ளிச் சராசரி) கணக்கில் சேருமா, சேருமாயின் எந்த வீதத்தில். மீள எழுதும் பரீட்சைக்கு எந்தத் தரம் வரை கிடைக்கும். வரவு வீதம் எவ்வளவு இருக்க வேண்டும். பல பீடங்களில் 80 வீத வரவு இல்லாதவர் பரீட்சை எழுத முடியாது. மீள எழுதுபவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி தரத்துக்கு மேல் பெறமுடியாது என்ற விதியும் பரவலாக உண்டு. நோயினால் பரீட்சையைத் தவறவிட்டால் மருத்துவச் சான்றிதழை உரிய நாளுக்குள் உரிய வழியில் ஒப்படைத்தால்தான் அடுத்த முறை எழுதுவது முதற்தடவையாகக் கொள்ளப்படும். இந்த ஒரு விதியைப் பின்பற்றாமல் பட்டத்தில் முதலாம், இரண்டாம் வகுப்புச் சித்தியை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

முதலாம் ஆண்டுப் புள்ளிகளும் கணக்கில் சேருகின்ற ஒரு பீடத்தில் நீங்கள் படிப்பதாக வைத்துக்கொள்வோம். உச்ச அளவான 4.00 இல் முதலாம் வகுப்புக்கு 3.70, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30 என்பது பொதுவான எல்லை. முதலாம் ஆண்டின் 30 கிரெடிட்டில் உங்கள் சராசரி 3.00 என்றால், எஞ்சிய 90 கிரெடிட்டிலும் சராசரியாக 3.93 எடுத்தால்தான் முதலாம் வகுப்பை எட்டலாம். அதாவது ஏறத்தாழ ஒவ்வொரு பாட அலகிலும் ஏ எடுக்க வேண்டும். மேற்பிரிவுக்கோ 3.40 போதும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தவருக்கு, பல்கலைக்கழக வாழ்க்கைக்குப் பழகும் காலம் என்று பலரும் கழித்துவிடும் முதலாம் அரையாண்டின் பெறுமதி விளங்கும். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்க எண்ணுபவருக்கு வகுப்பு முக்கியம். பட்டதாரி ஆசிரியர் போட்டிப் பரீட்சை எழுதி ஊரில் ஒரு நியமனம் பெறுவதே உங்கள் நோக்கமென்றால், பொதுக்கலைப் பட்டமே அதற்குப் போதும். அதைத் தெரிந்துகொண்டு மூன்று ஆண்டில் வெளியேறுவது தாழ்ந்த தெரிவு அல்ல. வீட்டின் பொருளாதாரம் நெருக்கடியில் இருக்கும் மாணவர்களுக்கு நான் இதை அழுத்தமாகவே சொல்வேன். நான்கு ஆண்டு என்று கைநூலில் அச்சிட்டிருந்தாலும் கொரோனாக் காலம், 2022 இன் பொருளாதார நெருக்கடி, 2024 இல் கல்விசாரா ஊழியர்கள் நடத்திய நீண்ட வேலைநிறுத்தம் ஆகியவற்றினால் பல பட்ச்களுக்கு அது ஐந்து ஆண்டையும் தாண்டியிருக்கிறது. அந்த மேலதிகக் காலத்துக்கு விடுதிச் செலவும் சாப்பாட்டுச் செலவும் எங்கிருந்து வரும் என்று வீட்டாரோடு முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

பாடத்தைத் தெரிவு செய்தல்

உயர்தரத்தில் எந்தப் பாடத்துக்கு ஏ கிடைத்ததோ அதையே சிறப்புப் பாடமாக எடுப்பது வழக்கம். அது சரியாகவும் அமையலாம், பிழைக்கவும் செய்யலாம். உயர்தரத்துப் புவியியலில் படம் வரைந்து குறிப்பெழுதியவர், பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியலையும் புவியியல் தகவல் முறைமையையும் எதிர்கொள்வார். பாடப்புத்தகத்து வரலாற்றை விரும்பிப் படித்தவர், ஒல்லாந்தர் காலத்துத் தோம்பையும் (காணிப் பதிவேடு) பிரித்தானியர் காலத்து நிர்வாக அறிக்கைகளையும் பொறுமையோடு வாசிக்க வேண்டியிருக்கும். பாடத்தின் பெயரைவிட அந்தப் பாடத்தை ஆய்பவர் அன்றாடம் செய்யும் வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதை அறிய ஒரு நல்ல வழி இருக்கிறது. நீங்கள் எண்ணியிருக்கும் துறையின் நூலகத்துக்குச் சென்று, முன்னைய மாணவர்கள் ஒப்படைத்த ஆய்வேடுகளில் மூன்றை அனுமதி பெற்று எடுத்து, ஆய்வு முறையியல் அத்தியாயத்தையும் பின்னிணைப்பையும் மட்டும் வாசியுங்கள். அந்த மாணவர் யாரைச் சந்தித்தார், எதை அளந்தார், எந்த ஆவணத்தைத் தேடினார் என்பதெல்லாம் அங்கே தெரியும். அந்த வேலையை ஓராண்டுக்குச் செய்ய உங்களுக்கு மனம் வருகிறதென்றால் விண்ணப்பியுங்கள். மனம் வராவிட்டால் வேறு துறையின் ஆய்வேடுகளைப் பாருங்கள். நான்காம் ஆண்டு மாணவர்கள் ஆய்வு முன்மொழிவைச் சமர்ப்பிக்கும் நாளில் பின்வரிசையில் இருந்து கேட்க விடுவார்களா என்று துறையில் கேட்டால், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டுகள்

நூற்றுக்கணக்கானோர் இருந்த மண்டபத்திலிருந்து பதினைந்து இருபது பேர் இருக்கும் அறைக்கு மாறுவதே சிறப்புக்கலை மாணவர் முதலில் உணரும் வேறுபாடு. விரிவுரையாளர் உங்கள் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்பார். வாசிக்காமல் வந்திருந்தால் தெரிந்துவிடும். கூச்சம் உள்ளவர்களுக்கு முதல் மாதங்கள் கடினமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு வகுப்புக்கும் வாசித்த பகுதியிலிருந்து ஒரேயொரு கேள்வியை எழுதி எடுத்துச் சென்றால், கூச்சத்தின் பெரும்பகுதி தானாகவே அகன்றுவிடுவதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன்.

விரிவுரை தமிழில் நடந்தாலும் வாசிப்புப் பட்டியலில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கும். இதில்தான் நமது மாணவர்கள் அதிகம் துன்பப்படுகிறார்கள். சீனியர்களின் மொழிபெயர்ப்புக் குறிப்பை நகலெடுத்துப் படித்தால் பரீட்சையில் சித்தியடையலாம், ஆனால் நான்காம் ஆண்டில் இலக்கிய மீளாய்வு (முன்னைய ஆய்வுகளை மதிப்பிடும் பகுதி) எழுத முடியாமல் நிற்க நேரும். வாரத்துக்கு ஒரு கட்டுரை போதும். முழுவதும் விளங்காவிட்டாலும் முன்னுரையையும் முடிவுரையையும் அகராதியோடு வாசித்து, கட்டுரையாசிரியர் சொல்வதை ஐந்து வரியில் தமிழில் எழுதி வையுங்கள். அரசகரும மொழிகள் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற் தொகுதிகள் இதற்குப் பெரிதும் உதவும். இரண்டு ஆண்டில் ஒரு கொப்பி நிறைய நீங்களே எழுதிய குறிப்புகள் சேர்ந்துவிடும். உள்ளூர் நூல்கள், சஞ்சிகைகள், நினைவு மலர்கள் ஆகியவற்றுக்கு 2005 முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ என்ற பெயருடைய இணையத்தளத்தைப் பயன்படுத்துங்கள். கிடைத்தற்கரிய பல வெளியீடுகளை வீட்டிலிருந்தே வாசிக்கலாம்.

குப்பி வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பரீட்சைக்கு முன்னர் ஒரு மாணவர் மற்றவர்களுக்கு இரவிரவாகச் சொல்லிக்கொடுக்கும் இந்த வழக்கம் நமது பல்கலைக்கழகங்களின் மிகச் சிறந்த விடயங்களுள் ஒன்று. கேட்கப் போவதோடு நில்லாமல் ஒரு பாடத்துக்காவது நீங்களே குப்பி செய்யுங்கள். விளங்காத இடம் எது என்பது சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவுடன் தெரிந்துவிடும்.

ஆய்வேடு

ஆய்வேட்டுக்குப் பெரும்பாலும் 6 அல்லது 8 கிரெடிட் ஒதுக்கப்படுகிறது. ஆய்வைப் பொறுத்தவரை ஒரு கிரெடிட்டுக்கு 100 மணிநேரம் என்பது தகைமைச் சட்டகத்தின் கணக்கு. ஆகவே ஆறு கிரெடிட் ஆய்வேடு 600 மணிநேர வேலை. முப்பது வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 20 மணிநேரம் வருகிறது. கடைசி இரண்டு மாதத்தில் எழுதி முடித்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

தலைப்புத் தெரிவை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். புவியியல் மாணவி ஒருவர் ‘யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர்’ என்று தொடங்குகிறார் என்று வைப்போம். அது ஒரு நூலுக்கான தலைப்பு. குடாநாட்டின் நீர் சுண்ணக்கல் படைக்குள் தேங்குகிறது. செம்மண் தோட்டங்களுக்கு இடும் உரத்திலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று (nitrate) என்னும் நைதரசன் சேர்வை அந்த நீரில் கலக்கிறது என்பது பல ஆய்வுகள் காட்டிய உண்மை. ஆகவே அவர் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் குறுகியது: வலிகாமத்தில் ஒரு கிராம அலுவலர் பிரிவிலுள்ள தோட்டக் கிணறுகளிலும் வீட்டுக் கிணறுகளிலும் நைத்திரேற்றின் அளவு மாரிக்கு முன்னும் பின்னும் எவ்வாறு மாறுகிறது? இருபது கிணறு, இரண்டு பருவம், நாற்பது மாதிரி. ஒவ்வொரு மாதிரியையும் ஆய்வுகூடத்தில் சோதிக்க எவ்வளவு கட்டணம் என்று முதலில் விசாரித்து, கையிலுள்ள பணத்துக்கு ஏற்பக் கிணறுகளின் எண்ணிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

இந்த ஆய்வு பெரும்பாலும் தடுமாறுவது கால அட்டவணையில்தான். வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் பிடித்துவிடும். ஆய்வு முன்மொழிவு கார்த்திகையில் ஏற்கப்பட்டால் மழைக்கு முந்திய மாதிரி கைநழுவிவிடுகிறது. அதன் பின் ஓர் ஆண்டு காத்திருக்க யாராலும் இயலாது. எனவே மூன்றாம் ஆண்டு விடுமுறையிலேயே மேற்பார்வையாளரைக் கண்டு பேசி, முன்மொழிவை ஆவணிக்குள் ஏற்கச் செய்ய வேண்டும். விதைப்பு, அறுவடை, கோயில் திருவிழா, மீன்பிடிப் பருவம், பாடசாலைத் தவணை என்று எந்த ஆய்வுக்கும் தனக்கே உரிய பஞ்சாங்கம் ஒன்று உண்டு. அதையும் பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே தலைப்பை உறுதி செய்யுங்கள்.

கள ஆய்வுக்குப் போவதற்கு முன் துறைத்தலைவரின் கடிதத்தைப் பெற்றுப் பிரதேச செயலகத்திலும் கிராம அலுவலரிடமும் காட்டுவது அவசியம். போர்க்காலத்தில் ஆட்கள் வந்து தகவல் எடுத்த அனுபவம் உள்ள மக்களிடம் நாம் போகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. யார், எதற்காகக் கேட்கிறீர்கள், பெயர் வெளிவருமா என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். தயங்குபவரை வற்புறுத்த வேண்டாம்.

மேற்பார்வையாளரைச் சந்திக்கும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு வாரத்துக்கொருமுறை, எவ்வளவு குறைபாடு உள்ளதாயினும் இரண்டு பக்கம் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பேசியவற்றை அன்றே மின்னஞ்சலில் சுருக்கமாக எழுதி அனுப்பினால், பிறகு ‘நான் அப்படிச் சொல்லவில்லையே’ என்ற சிக்கல் இருதரப்பிலும் எழாது. அவரிடமிருந்து நீண்ட நாளாகப் பதில் வராவிட்டால் மனதுக்குள் குமைந்துகொண்டிராமல், மரியாதையோடு நினைவூட்டி, அதற்கும் பதில் இல்லையெனில் துறைத்தலைவரிடம் சொல்வது உங்கள் உரிமை.

எழுதும்போது தொடக்கம் முதலே யூனிகோட்டில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி எழுத்துருவில் எழுதியதை ஒப்படைக்கும் வாரத்தில் மாற்ற முயன்று, மேற்கோள் குறிகளும் காற்புள்ளிகளும் தமிழெழுத்தாக மாறி, இரவு முழுவதும் திருத்திக்கொண்டிருக்கும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறோம். உசாத்துணைப் பட்டியலை வாசிக்கும் நாளிலேயே பதிந்துவிடுங்கள். ஒரு பிரதியை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைப்பது, மடிக்கணினி பழுதடைந்தாலும் உங்களைக் காப்பாற்றும்.

வாய்மொழித் தேர்வில் எல்லாம் தெரிந்தவராகக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஏன் இந்த இருபது கிணறு, ஏன் வேறு இருபது அல்ல என்று கேட்பார்கள்; தெரிவு செய்த முறையையும் அதன் குறையையும் நேராகச் சொல்பவருக்குத்தான் மதிப்புக் கிடைக்கும். தேர்வாளர்கள் சொல்லும் திருத்தங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றைச் செய்து முடித்த பின்னரே இறுதிப் பிரதியைக் கட்டுவியுங்கள்.

ஒப்படைத்த பின்னும் ஒரு வேலை மிஞ்சியிருக்கிறது; பலர் அதைச் செய்வதில்லை. உங்களுக்குத் தகவல் தந்தவர்களிடம் திரும்பிப் போய், கண்டறிந்ததைச் சொல்லுங்கள். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அந்த அளவைத் தாண்டிய நீர் கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. இருபது கிணற்றில் ஒன்று அப்படி இருந்தால், அந்த வீட்டாருக்கு எண்ணை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்து, குழந்தைக்குப் பால்மா கரைக்க வேறு நீரைப் பயன்படுத்தும்படியும், கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது என்றும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகும்படியும் சொல்லிவிட்டு வாருங்கள்.