பிரான்ஸ் கிராமத்துக்குக் குழந்தையோடு போகும் பாண்டிக்காரர்களுக்கு

பாண்டியில் பிரான்ஸ் என்றாலே பாரிஸ்தான். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சொல்தா குடும்பங்களில் ஒரு சித்தப்பாவோ அத்தையோ பாரிஸைச் சுற்றி எங்காவது இருப்பார்கள், லா ஷப்பேல் பக்கம் போனால் முருங்கைக்காய் கிடைக்கும், தமிழ் காதில் விழும், ஆவணியில் பிள்ளையார் தேர்கூட அந்தத் தெருக்களில் ஓடும். ஆனால் வேலை எல்லோரையும் அங்கே கொண்டுபோய் விடுவதில்லை. சிலரைத் தென்மேற்கில் தோர்தோஞ் மாதிரி ஒரு மாவட்டத்தில், ஒரு ரொட்டிக்கடைகூட இல்லாத சின்ன ஊரில் இறக்கிவிடுகிறது. நாங்கள் அப்படி வந்து சேர்ந்த குடும்பம். முத்தியால்பேட்டையிலிருந்து கிளம்பத் தயாராகிறவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது சம்பளத்தையோ குளிரையோ பற்றி இல்லை, "அந்தக் காட்டுல புள்ள என்ன பண்ணும்?" என்றுதான்.

நிறைய பண்ணும். ஒரு குழந்தைக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அது தானாக நடக்காது. வார இறுதி வந்ததும் காரை எடுத்துக்கொண்டு பெரிய நகரத்துக்கு ஓடினால் குழந்தைக்கு ஊரும் சொந்தமாகாது, நகரமும் சொந்தமாகாது. முதல் வருடம் முழுக்க வீட்டைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் இருங்கள், அதற்குள் இருப்பதை ஒன்று விடாமல் பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

பாண்டியிலேயே முடிக்க வேண்டியவை

குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லும் என்ற அரசு அத்தாட்சி, வாங்கிவிடுங்கள். பிரெஞ்சு மொழிபெயர்ப்பைப் பிரான்ஸ் நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளரிடம் செய்தால் பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அப்புறம் தடுப்பூசி அட்டை. இதில்தான் பலருக்கும் இடிக்கிறது. பிரான்ஸில் 2018 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர 11 நோய்களுக்கான தடுப்பூசிகள் கட்டாயம், அண்மையில் பிறந்த கைக்குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் ஊசிகள் இன்னும் கூடியிருக்கின்றன. நம் அரசு மருத்துவமனையில் போடும் பெண்டாவேலன்ட் ஊசியில் பல நோய்கள் அடங்கிவிடும். ஆனால் அங்கே தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் போடும் ஊசியில் புட்டாலம்மை இருக்காது, பிரான்ஸில் மூன்றும் சேர்ந்தது வேண்டும். மூளைக்காய்ச்சல் சி வகைக்கான ஊசியும் நம் அரசு அட்டவணையில் இல்லை. குழந்தை மருத்துவரிடம் அட்டையைக் காட்டி, விடுபட்டதைப் புறப்படும் முன்பே போட்டுக்கொள்ளப் பாருங்கள். முடியாவிட்டால் பயப்பட வேண்டாம், பள்ளியில் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு மூன்று மாத அவகாசம் தருவார்கள்.

பிரெஞ்சு விஷயத்தில் பாண்டிக் குழந்தைகளுக்கு ஒரு வசதி உண்டு. பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, தெருப் பெயர்ப் பலகைகளே பாதி பிரெஞ்சில்தான் இருக்கின்றன. இலக்கணத்தைப் போட்டுப் பிசையாதீர்கள். கழிவறைக்குப் போக வேண்டும், வலிக்கிறது, புரியவில்லை, இறைச்சி சாப்பிட மாட்டேன், நானும் விளையாட வரட்டுமா: இந்த ஐந்தும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும், மற்றது பள்ளி மைதானத்தில் தானாக வரும்.

மேரியும் பள்ளியும்

ஊருக்கு வந்ததும் முதலில் மேரிக்கு, அதாவது ஊராட்சி அலுவலகத்துக்கு, போங்கள், குழந்தையையும் கூட்டிக்கொண்டு. சின்ன ஊர்களில் மேரி வாரத்தில் சில அரைநாள்தான் திறந்திருக்கும், நேரம் கதவில் எழுதியிருக்கும். பள்ளிச் சேர்க்கை அங்கேதான் தொடங்குகிறது: பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, வீட்டு முகவரிக்கு ஆதாரம். 2019 முதல் மூன்று வயதிலிருந்தே படிப்பு கட்டாயம், அரசுப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை. வகுப்பைப் பிறந்த வருடத்தை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். டிசம்பரில் பிறந்த பிள்ளையும் அதே வருடம் ஜனவரியில் பிறந்த பிள்ளையும் ஒரே பெஞ்சில்தான். பல இடங்களில் இரண்டு மூன்று ஊர்கள் சேர்ந்து பள்ளியைப் பங்கு போட்டுக்கொள்ளும், ஓர் ஊரில் சின்ன வகுப்புகள், அடுத்த ஊரில் பெரிய வகுப்புகள், நடுவில் பள்ளிப் பேருந்து. ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். புதிதாக வந்த குழந்தைக்கு அதுதான் நல்லது, பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துப் போவார்கள்.

சின்ன வகுப்புக் குழந்தை என்றால் வகுப்பறைக்குள் போட ஒரு ஜோடி செருப்பு, மதியத் தூக்கத்துக்குக் கட்டிக்கொள்ளப் பழகிய துணியோ பொம்மையோ கொடுத்தனுப்ப வேண்டும், எல்லாத் துணியிலும் பெயர் தைத்திருக்க வேண்டும். மழைக்கால ரப்பர் பூட்ஸில் மட்டும் காசு பார்க்காதீர்கள். பள்ளியின் காய்கறித் தோட்டமும் ஊர்ச் சேறும் வருடத்தில் பாதி நாள் அதைக் கேட்கும். பள்ளிச் சுற்றுலாக்களுக்கு விபத்துக் காப்பீடு கேட்பார்கள், வீட்டுக் காப்பீட்டில் அது சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

மதியச் சாப்பாடு பள்ளியில்தான் என்றால், சைவக் குடும்பங்கள் முதல் நாளே பேசிவிடுவது நல்லது. சட்டப்படி வாரத்துக்கு ஒரு நாள் சைவச் சாப்பாடு தர வேண்டும், மற்ற நாட்களில் தோர்தோஞில் வாத்துக்கறி அடிக்கடி வரும். சில ஊர்களில் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் கொடுப்பார்கள், சில ஊர்களில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகச் சொல்வார்கள். மிட்டாயில் ஜெலட்டின் இருக்கும் என்பதையும் குழந்தைக்குச் சொல்லி வையுங்கள், பிறந்தநாள் விழாக்களில் அதுதான் கை நிறையக் கிடைக்கும்.

இன்னொன்று, இதை நான் அழுத்தியே சொல்வேன். பிள்ளை ஒரு வருடத்துக்குள் உங்களைவிட நன்றாகப் பிரெஞ்சு பேச ஆரம்பித்துவிடும். அதைக் குடும்பத்தின் மொழிபெயர்ப்பாளராக ஆக்கிவிடாதீர்கள். ரொட்டி வாங்கும்போது, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பேசும்போது உதவட்டும், சந்தோஷமாகச் செய்யும். மருத்துவரிடமும் மேரியிலும் வங்கியிலும் நீங்களே திக்கித் திணறிப் பேசுங்கள். பெரியவர்களின் கவலையைப் பெரியவர்களுக்காகத் திருப்பிச் சொல்லும் பாரம் ஏழு வயதுக்கு வேண்டாம். வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

காட்டுப்பாதை

இனி அசல் விஷயத்துக்கு வருவோம். கிராமத்தைச் சுற்றி மரங்களிலும் கற்களிலும் மஞ்சள் கோடு தீட்டியிருப்பார்கள், அது உள்ளூர் நடைபாதையின் அடையாளம். வெள்ளையும் சிவப்பும் சேர்ந்த கோடு நாடு முழுக்கப் போகும் நெடும்பாதை. கோடு நேராக இருந்தால் அதே வழி, வளைந்து காட்டினால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும், பெருக்கல் குறி இருந்தால் தவறான வழி. இதைக் குழந்தைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் நடந்து பாருங்கள். "நடக்க மாட்டேன்" என்று அழுகிற பிள்ளை, வழி கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுத்ததும் உங்களை இழுத்துக்கொண்டு ஓடும். எங்கள் மகள் இரண்டு மணி நேரம் நடந்ததே தெரியாமல் நடந்தது அப்படித்தான்.

அக்டோபர் வந்தால் செஸ்ட்நட், வால்நட். வால்நட்டின் பச்சைத் தோலை உரித்த கை மருதாணி வைத்தது போலக் கறுத்துப் போகும், ஒரு வாரத்துக்குச் சோப்பு போட்டாலும் போகாது, பள்ளியில் எல்லாப் பிள்ளைகளின் கையும் அப்படித்தான் இருக்கும். செஸ்ட்நட்டில் கவனம் வேண்டும். சாப்பிடுகிற வகையின் மேல்தோல் முழுக்க ஊசி ஊசியாக நெருக்கமான முள், உள்ளே இரண்டு மூன்று காய்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் சின்னக் குஞ்சம் இருக்கும். பூங்காக்களிலும் பள்ளி வாசல்களிலும் நிழலுக்கு வைத்திருக்கும் குதிரைச் செஸ்ட்நட்டில் முள் அங்கங்கே தடியாக இருக்கும், காய் உருண்டையாக, குஞ்சம் இல்லாமல் இருக்கும், அது விஷம். பொறுக்கும் முன் மரம் யாருடையது என்று கேளுங்கள். இங்கே காடு பெரும்பாலும் தனியார் சொத்துதான், கேட்டால் அநேகமாகச் சரி என்பார்கள், சிலர் கூடையையும் கொடுத்து அனுப்புவார்கள்.

காளானைக் குழந்தை தொட்டுப் பார்க்கலாம், ஆனால் வாயில் வைக்கக் கூடாது. பறித்ததை மருந்துக்கடைக்கு எடுத்துப் போனால் அங்கே பார்த்துச் சொல்வார்கள், பிரான்ஸில் மருந்தாளர் படிப்பில் காளான் பாடமும் உண்டு. சந்தேகம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், ஆளைக் கொல்லும் வகைகள் இந்தக் காடுகளில் உண்மையாகவே இருக்கின்றன.

குளிர்காலக் கடைசியில் பைன் மரங்களிலிருந்து இறங்கி ஒன்றன் வாலை ஒன்று தொட்டுக்கொண்டு வரிசையாகப் போகும் கம்பளிப்பூச்சிகளைப் பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் கை போகும். தொட விடாதீர்கள், மரத்திலிருந்து தொங்கும் வெள்ளைக் கூட்டின் அடியில் நிற்கவும் விடாதீர்கள், அந்த முடி தோலையும் கண்ணையும் கடுமையாகத் தாக்கும். வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை உண்ணி. காட்டிலிருந்து வந்ததும் காதுக்குப் பின்னால், அக்குள், முழங்கால் மடிப்பு, தலைமுடி எல்லாம் பாருங்கள். உண்ணி எடுக்கும் சின்னக் கொக்கி மருந்துக்கடையில் கிடைக்கும், எண்ணெய் ஊற்றாமல், நசுக்காமல் அதை வைத்துச் சுழற்றி எடுக்க வேண்டும். பிறகு ஒரு மாதம் அந்த இடத்தைக் கவனித்து, சிவப்பு வளையம் பரவினால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

பொதுவாகச் செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை வேட்டைக்காலம். எந்த நாளில் எந்தப் பக்கம் சுடுகிறார்கள் என்று ஊரில் விசாரித்துவிட்டுத்தான் காட்டுக்குள் போக வேண்டும், குழந்தைக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலங்கி போடுங்கள், பாதையில் வேட்டைப் பலகை இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். விடுமுறையில் பிரெனே மலைப்பக்கம் போனால் ஆட்டுக் கிடையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் இருக்கும். பார்க்கச் சாதுவாக இருந்தாலும் கிட்டே போகாமல், ஓடாமல், கிடையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

அவசரத்துக்கு 112, மருத்துவ உதவிக்கு 15. கிராமத்து வீடுகளைத் தெருவைவிடக் குக்கிராமப் பெயரால்தான் பலரும் அறிவார்கள், அந்தப் பெயரையும் ஊர்ப் பெயரையும் குழந்தை பிரெஞ்சு உச்சரிப்பிலேயே சொல்லப் பழக்குங்கள். ஆறு வயதுக்குக் கீழே என்றால் மாவட்டத்தின் தாய் சேய் நல மையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள், மருத்துவர் கிடைக்காத ஊர்களில் இது பெரிய உதவி.

ஊர் விசேஷங்களை விடாதீர்கள்

ஜனவரியில் ராஜா கேக் வெட்டுவார்கள், உள்ளே சின்னப் பீங்கான் பொம்மை ஒளிந்திருக்கும். கூட்டத்தில் சின்னக் குழந்தை மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்து எந்தத் துண்டு யாருக்கு என்று கூவ வேண்டும், பொம்மை யாருக்கு வந்ததோ அவருக்குக் கிரீடம். புதிதாக வந்த கூச்சப் பிள்ளைக்கு ஊரே பெயர் சொல்லிப் பழகும் நாள் அது, கூப்பிட்டால் கண்டிப்பாகப் போங்கள்.

முதல் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் 11 அன்று போரில் இறந்தவர்களின் நினைவுத் தூண் முன்னால் ஊர் கூடும், பள்ளிப் பிள்ளைகள் பாடுவார்கள், கல்லில் பொறித்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். நம் கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவுச்சின்னத்தை உங்கள் பிள்ளை பார்த்திருக்கும். 1938இல் திறந்த அதுவும் இதே முதல் உலகப் போரில் போன பாண்டிக்காரர்களுக்காகத்தான் என்று சொல்லுங்கள், வகுப்பில் அதைப் பற்றிப் பேச ஆசிரியர் நிச்சயம் இடம் கொடுப்பார். பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை 14 பற்றிச் சொல்லவே வேண்டாம், பாண்டிப் பிள்ளைக்கு அது புதிதில்லை.

செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில் நாடெங்கும் பழைய கட்டடங்களைத் திறந்துவிடுவார்கள், பக்கத்து ஊர் மாவு அரைக்கும் ஆலை, தனியார் கோட்டை எல்லாம் இலவசமாகவோ குறைந்த காசுக்கோ பார்க்கலாம். தோர்தோஞில் இருந்தால் லாஸ்கோவுக்கு ஒரு தடவையாவது போக வேண்டும். 1940இல் நான்கு பையன்கள்தான் அந்தக் குகை ஓவியங்களைக் கண்டுபிடித்தார்கள். ஆட்கள் விடும் மூச்சில் ஓவியம் கெடுகிறது என்று 1963இல் அசல் குகையை மூடிவிட்டார்கள், 2016இல் திறந்த முழு நகலைத்தான் இப்போது பார்க்கிறோம். "பையன்கள்" என்பதைக் குழந்தையிடம் முதலில் சொல்லிவிட்டுக் கூட்டிப்போங்கள், உள்ளே நடக்கிற நடையே வேறு மாதிரி இருக்கும்.

குளிர்காலமும் புதன்கிழமையும்

டிசம்பரில் எட்டரைக்குத்தான் விடியும், ஐந்தரைக்குள் இருட்டிவிடும். பேருந்துக்கு நடக்கிற பிள்ளைக்கு ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி வேண்டும். இட்லி மாவு வெளியே வைத்தால் பொங்காது. அடுப்பை அணைத்த நிலையில் ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வையுங்கள், காலையில் பொங்கியிருக்கும், தயிருக்கும் இதே வழிதான். விறகு அடுப்பு உள்ள வீடு என்றால் புகைபோக்கியை ஆண்டுதோறும் ஆள் வைத்துச் சுத்தம் செய்யுங்கள், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றும் மாட்டுங்கள்.

பெரும்பாலான கிராமப் பள்ளிகளுக்குப் புதன் விடுமுறை. அன்று மதியம் இங்கே பன்னிரண்டு மணி என்றால் பாண்டியில் கோடையில் மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை. தாத்தா பாட்டியோடு பேச அதுதான் சரியான நேரம், இரண்டு பக்கமும் யாருக்கும் தூக்கம் வராது. ஆறு ஏழு வாரத்துக்கு ஒரு முறை இரண்டு வாரம் விடுமுறை வரும். குளிர்கால, வசந்த விடுமுறைத் தேதிகள் பகுதிக்குப் பகுதி மாறும், தோர்தோஞ் ஏ பகுதியில் வருகிறது. ஊருக்கு விமானச் சீட்டு போடும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ள பிள்ளையாக இருந்து விசா காலம் முடிந்திருந்தால், திரும்பி உள்ளே வர வெளிநாட்டுச் சிறுவர்களுக்கான பயண ஆவணம் தேவை. அதற்கு மாதங்கள் பிடிக்கலாம், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

மொத்தமாகப் பாண்டிக்குத் திரும்புகிற நாள் வந்தால், பள்ளியிலிருந்து பெயர் நீக்கச் சான்றிதழையும் மதிப்பெண் ஏட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே மாற்றுச் சான்றிதழுக்குப் பதிலாக இருப்பது அந்த நீக்கச் சான்றிதழ்தான்.