தஞ்சாவூர் ஜில்லா, இன்ன ஊர்: தாத்தாவின் கிராமத்தைத் தேடி வருகிறவர்களுக்கு

மலேசியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ திருச்சியில் வந்து இறங்குகிறவர்களுக்குப் பெரிய கோயில், கும்பகோணம், வேளாங்கண்ணி என்று சுற்றிக்காட்ட எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இன்னும் சிலர் வருவார்கள். அவர்கள் கையில் இருப்பது தாத்தா சொல்லிவிட்டுப் போன ஒரே வரி: "தஞ்சாவூர் ஜில்லா, நன்னிலம் தாலுக்கா, இன்ன ஊர்." நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். இது அவர்களுக்காக.

முதலில் அந்த வரியை இன்றைய கணக்குக்குக் கொண்டுவர வேண்டும். பழைய தஞ்சாவூர் ஜில்லா பல துண்டாகிவிட்டது. 1991இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானது, 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை. தாத்தா மாயவரம் என்று சொல்லியிருந்தால் அது இந்த மயிலாடுதுறைதான். தாலுக்காக்களும் பிரிந்துவிட்டன, நன்னிலத்தில் கிடைக்காத ஊரைக் குடவாசலில் தேடுங்கள், மன்னார்குடியில் கிடைக்காததை நீடாமங்கலத்தில். ஊர்ப்பெயர் இன்னொரு தலைவலி. மேல, கீழ, வட, தென் என்று முன்னால் சேர்த்துக்கொண்டு ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர் இருக்கும். அதுவும் போக, தாத்தா சொன்னது பதிவேட்டில் உள்ள வருவாய் கிராமமாக இல்லாமல், அதற்குள் பத்துப் பதினைந்து வீடுள்ள ஒரு திடலாகவும் இருக்கலாம். மேப்பில் காணோம் என்பதற்காக ஊரே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் புறப்படுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டு வாருங்கள். குலதெய்வம் எது, எங்கே இருக்கிறது? ஊருக்குப் பக்கத்தில் ஓடிய ஆறு எது? குலதெய்வக் கோயில் வேறு ஊரில் இருக்கலாம், ஆனால் அங்கே வருகிற பங்காளிகளைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. ஆற்றின் பெயர் அதைவிட உறுதியான அடையாளம். இந்தப் பக்கத்தில் ஒரு ஊரின் நிலம், சாகுபடி, பக்கத்து ஊரோடு உள்ள சண்டை எல்லாமே அது எந்த ஆற்றுப் பாசனம் என்பதில்தான் இருக்கிறது.

அதனால் திருச்சியிலிருந்து நேராக ஊருக்கு ஓடாமல், ஒரு நாள் தண்ணீர் போகிற வழியிலேயே போய்ப் பாருங்கள். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் முக்கொம்பில் இரண்டாகப் பிரியும். வெள்ளத்தை வாங்கிக்கொண்டு போவது கொள்ளிடம். இன்னொரு கிளையான காவிரி கல்லணைக்கு வந்து, அங்கே வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று மேலும் பிரியும். கல்லணையில் எல்லோரும் கரிகாலன் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நீங்கள் பாலத்தின் மேல் நின்று, ஷட்டர்களுக்குக் கீழே எந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனியுங்கள். அப்புறம் நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்புக்குப் போங்கள். அங்கே வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. சுற்றுலாப் பட்டியலில் அதிகம் இடம்பெறாத இடம்தான், ஆனால் டெல்டா என்றால் என்ன என்பது கல்லணையைவிட இங்கே நன்றாகப் புரியும். ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி என்கிற சிறு வாய்க்கால், கன்னியிலிருந்து மடை என்று தண்ணீர் வயலுக்குப் போய்ச் சேரும். தலைமடைக்காரருக்கு முதலில் தண்ணீர். கடைமடைக்காரருக்குக் கடைசியில்தான் தண்ணீர் வரும். மழை வெள்ளம் என்றால் மட்டும் அவர் வயல்தான் முதலில் மூழ்கும். உங்கள் ஊர் இதில் எது என்று டீக்கடையில் கேளுங்கள், பேச்சு தானாக வளரும்.

பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்துக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. கல்லணைக் கால்வாய் வந்தது மேட்டூர் அணையோடு 1934இல்தான். தாத்தா அதற்கு முன்பே கப்பல் ஏறியிருந்தால், அவர் விட்டுப்போன ஊரில் இன்று நீங்கள் பார்க்கிற நஞ்சை வயல் இருந்திருக்காது. ஏரியையும் மழையையும் நம்பிய மேட்டு நிலமாகத்தான் இருந்திருக்கும். "தாத்தா வறண்ட ஊர் என்றாரே, இது பச்சைப்பசேல் என்று இருக்கிறதே" என்று குழம்ப வேண்டாம்.

எப்போது வருவது? மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்துத் திறப்பு தள்ளிப்போவதும் உண்டு. ஏப்ரல், மே விடுமுறையில் வந்தால் ஆற்றில் மணல்தான், வயலெல்லாம் வெடிப்பு, ஆட்டுக்கிடை. ஆடிப்பெருக்குக்கு வந்தால் படித்துறையில் காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துக் கும்பிடுவதையும், பிள்ளைகள் தெருவில் சப்பரம் இழுப்பதையும் பார்க்கலாம். நவம்பரில் வராதீர்கள், மழையில் எந்த ரோடு அறுக்கும் என்று சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் பொங்கலை ஒட்டி வருவதுதான் நல்லது. சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும், ஊரில் ஆள் இருக்கும். அறுவடைக்குச் சில நாள் முன்பே நிற்கிற பயிருக்குள் உளுந்து, பயறு தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்தபின் தாளுக்கு நடுவே அது முளைத்து நிற்கும். அதனால் அறுத்த வயல்தானே என்று உள்ளே இறங்கி நடக்காமல் வரப்பிலேயே போங்கள். ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருப்பார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அந்தக் கவலையில் காய்கிற நெல் அது. மேலே வண்டியை ஏற்ற வேண்டாம் என்று டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நெல் அடிக்கிற களத்தில் கால் வைக்கும்போது செருப்பைக் கழற்றிவிடுங்கள்.

தங்குவதற்கு மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம் போன்ற ஊர்கள்தான். கிராமத்தில் லாட்ஜ் கிடையாது.

இனி நிலம். ஊரில் போய் "எங்கள் தாத்தா நிலம் எது" என்று ஆரம்பித்தால் பங்கு கேட்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள், வாயைத் திறக்க மாட்டார்கள். நிலத்துக்காக வரவில்லை, பெரியவர்கள் இருந்த இடத்தைப் பார்க்கத்தான் வந்தோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிலம் யார் பெயரில் என்று காட்டும் பட்டா, சிட்டா, வயலின் அளவைக் காட்டும் புலப்படம் ஆகியவற்றை அரசு இணையதளத்தில் பார்க்கலாம், ஆனால் சர்வே எண்ணோ பட்டா எண்ணோ தெரிந்திருந்தால்தான் எளிது. பழைய கணக்குப்பிள்ளை, கர்ணம் முறையெல்லாம் 1980இல் போய்விட்டது; இப்போது கிராம நிர்வாக அலுவலர், அதாவது வி.ஏ.ஓ. பெரியவர்கள் மா, வேலி என்றுதான் பேசுவார்கள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர்.

ஆனால் பலருக்குப் பட்டாவில் எதுவும் கிடைக்காது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த நிலங்கள் கோயில், மடம், மிராசுதார் என்று சிலரிடமே இருந்தன. ஆள் திரட்ட வந்த கங்காணி பேச்சைக் கேட்டுத் தோட்டத்துக்குப் போனவர்களில் ஏராளமானோர் நிலமே இல்லாத பண்ணையாட்கள். அவர்கள் பெயர் எந்தச் சிட்டாவிலும் ஏறியதில்லை. பண்ணையாட்களுக்கென்று ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952இல்தான். அதற்குப் பிறகும், 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் கூலிப் போராட்டத்தை ஒட்டி 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அங்கே நினைவிடம் இருக்கிறது, போய்விட்டு வாருங்கள். தாத்தா எந்தத் தெருக்காரர் என்று தெரிந்தால், ஊரின் முகப்பில் உள்ள பெரிய வீட்டில் விசாரிப்பதைவிட வயலைத் தாண்டி இருக்கும் அந்தத் தெருவுக்கே நேராகப் போவது நல்லது. காகிதத்தில் இல்லாத பெயர் அங்கே யாராவது ஒரு கிழவிக்கு நினைவிருக்கும்.

மலேசியாக்காரர்கள் பார்க்க வேண்டிய இன்னோர் ஊர் கீழ்வேளூர்ப் பக்கம் இருக்கும் ஆனைமங்கலம். கடாரத்து மன்னன் நாகப்பட்டினத்தில் எடுத்த பௌத்த விகாரத்துக்கு இந்த ஊரின் வருவாயைத்தான் ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் கொடுத்தான். பெண்யானையை நடத்தி எல்லை சுற்றி, கல்லும் கள்ளியும் நட்டதைச் செப்பேடு சொல்கிறது. கடாரம் என்பது உங்கள் கெடாதான். ஆனைமங்கலத்தில் பார்க்கப் பெரிய கட்டடம் எதுவும் கிடையாது, வயலும் வீடும்தான்.

ஊரைப் பார்த்ததும் ஒரு மா நிலம் வாங்கிப் போடலாமே என்று தோன்றும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் இங்கே விவசாய நிலம் வாங்கச் சட்டம் இடம் தராது, இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் சரி. வாரிசாக வருவது வேறு விஷயம், அதற்கு வக்கீலைப் பாருங்கள். உறவினர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் சிரித்துக்கொண்டே காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுங்கள். ஊருக்குச் செய்ய வேண்டும் என்று மனசு இருந்தால் பள்ளிக்கூடம் இருக்கிறது, தூர் வாராத குளம் இருக்கிறது. கோயில் திருப்பணிக்குக் கொடுப்பதானால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.