செட்டிநாட்டுச் சுவரின் வயதை மறைக்காமல் மீட்பது: விடுதி அறைகளுக்கான செய்முறை

காரைக்குடி, கானாடுகாத்தான் வட்டாரத்தில் விடுதிகளாக மாறிவரும் நகரத்தார் வீடுகளில், வந்திறங்கும் விருந்தினர் முதலில் கைவைத்துத் தடவிப் பார்ப்பது பெரும்பாலும் சுவரைத்தான். சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி, முட்டை வெண்கரு ஆகியவற்றைச் சேர்த்துப் பல அடுக்குகளாகப் பூசி, மேலடுக்கைத் தேய்த்து மெருகேற்றிய அந்தச் சுவரைப் புத்தம் புதிதாக்கினால் அதன் அழகு போய்விடும். அப்படியே விட்டாலோ காரை உதிர்ந்து விருந்தினரின் தலையணையில் கிடக்கும். ஆகவே, பூச்சைக் கெட்டிப்படுத்திவிட்டு அதன் வயதை வெளியே தெரியவிடுவதுதான் வேலை.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் கொத்துக்கரண்டியைக் கையில் எடுக்கக் கூடாது. உடைந்த ஓடு, அடைபட்ட முற்றத்து வடிகால், பின்னாளில் மாட்டிய ஏசி குழாயின் சொட்டு ஆகிய மூன்றையும் சரிசெய்து, இயன்றால் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைக் கழியவிட்டுப் பார்ப்பது நல்லது. சுவரின் அடிப்பகுதியில் யாராவது சிமெண்டு பூசியிருந்தால் அதைச் சிற்றுளியால் மெதுவாகப் பெயர்த்தெடுக்க வேண்டும். நான் மேற்பார்த்த ஒரு விடுதியில் நாலடி உயரத்துக்குச் சிமெண்டு பூசியிருந்தார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் மேலேறி, ஐந்தாவது அடியில் உப்பாகப் பூத்து, நூறாண்டு மெருகைச் செதில் செதிலாகக் கழற்றிவிட்டது.

அடுத்து, சுவர் முழுவதையும் விரல் முட்டியால் தட்டிக் கேட்க வேண்டும். பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்த இடம் காலிப் பானையைப் போல ஒலிக்கும்; அதைச் சாக்கட்டியால் வட்டமிடலாம். கொத்தனார்கள் அந்த இடத்தை உடனே கொத்தியெடுக்கவே விரும்புவார்கள், அனுமதிக்காதீர்கள். 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலத் துளைகளைக் கீழும் மேலுமாக இட்டு, ஊசிக்குழலால் முதலில் வெறும் தண்ணீரைச் செலுத்தித் தூசியை நனைத்து, பிறகு நன்றாக நீற்றிய சுண்ணாம்பையும் சலித்த செங்கல் தூளையும் கரைத்த குழம்பை, கீழ்த்துளையில் தொடங்கி மேல்நோக்கிச் செலுத்த வேண்டும். குழம்பு மேல்துளையில் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பஞ்சுமெத்தை ஒட்டிய பலகையை வைத்துச் சில நாள் முட்டுக் கொடுத்தால், பிரிந்த பூச்சு மீண்டும் சுவரைப் பிடித்துக்கொள்ளும். பழைய எண்ணெய்ப் பெயிண்டைச் சுரண்ட நேர்ந்தால், அதில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், உப்புத்தாள் கொண்டு உலரத் தேய்க்காமல் நனைத்தே எடுக்க வேண்டும்.

முற்றிலும் உதிர்ந்த இடத்தில் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற கலவையை, அடுக்குக்கு 10 மில்லிமீட்டருக்கு மிகாமல், நனைத்த சுவரில் பூசுக. இப்படிப் பூசிய ஒட்டுப் பகுதியைப் பழைய பரப்பைவிட ஒரு மில்லிமீட்டர் தாழ்வாகவும் மெருகின்றியும் விட்டுவிடுவது என் வழக்கம். கிட்டே வந்தால் எது பழையது, எது புதியது என்று தெரியும், தள்ளி நின்றால் கண்ணை உறுத்தாது. டீத்தண்ணீர் தெளித்து ஒட்டுக்குப் பழுப்பேற்றும் வித்தை புகைப்படத்துக்கு மட்டுமே உதவும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்தே இறுகுகிறது, அதற்கு ஈரமும் வேண்டும். எனவே நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, அந்த நாள்களில் ஏசியை நிறுத்தி வைக்க வேண்டும். அறையை வாடகைக்கு விட அவசரப்படும் முதலாளியிடம் இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நலம்.

மேலே எமல்ஷனோ வார்னிஷோ அடித்தால், சிமெண்டு செய்த அதே கெடுதலை அதுவும் செய்யும். விளக்கைச் சுவரை ஒட்டி மேலிருந்து விழவைத்தால் மெருகின் நெளிவுகள் எல்லாம் எழுந்து வரும்; ஒட்டுகள் மிகுந்த சுவருக்கு எதிரிலிருந்து வரும் ஒளியே பொருந்தும். பெட்டி வைக்கும் பலகையும் கட்டிலின் தலைமாடும் சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளியே இருக்கட்டும். அறை துடைப்பவர்களிடம் ஈரத்துணிக்குப் பதிலாக மென்மையான உலர்ந்த தூரிகையைக் கொடுத்து, தரை துடைக்கும் தண்ணீர் சுவரில் தெறிக்காமல் பார்க்கச் சொல்லுங்கள்.